நாடு கடத்தப்பட்டோரும் உண்மை உரைத்தலும்

அந்நிய நாடொன்றில் குடியேற விரும்பி மனுச் செய்யும் ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி வந்து மறிக்கிறது. "நீர் எந்தத் தேசத்திலாவது கைது செய்யப்பட்டதுண்டா? எந்தத் தேசத்திலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா?" என்பதே அக்கேள்வி. எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். பெரும்பாலோர் இக்கேள்வியைப் படித்தும் படியாமலும் 'இல்லை' என்று குறியிட்டு அப்பால் செல்கின்றனர். அவ்வாறு செல்ல இயலாத ஒருவர், ஆடிக் கிருத்திகைக் காவடிகள் மலையிறங்கிப் போன மறுவாரம், திருத்தணியில் உள்ள நமது காரியாலயத்தின் படியேறி வந்தார்.

அவர் நெசவுக் குடும்பத்து இளைஞர். நாலைந்து ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றார். ஐந்து மாதம் கூலி வரவில்லை. ஆகவே முதலாளியை விட்டு வேறோரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய முதலாளி, 'ஓடிப் போய்விட்டான்' என்று புகார் எழுதிக் கொடுத்தார். போலீசார் பிடித்துப் பதினோரு நாள் அடைத்து வைத்தனர். விரல்களையும் கண்களையும் இயந்திரத்தில் பதிந்துகொண்டு விமானமேற்றி அனுப்பிவிட்டனர். இப்பொழுது கானடா தேசத்தில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தறியை அடகு வைத்துப் பணம் திரட்டியாயிற்று. மனுவைப் பூர்த்தி செய்யும் ஏஜண்டு, "இல்லை என்று போடு. புதுப் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை கிடையாது. எவனுக்குத் தெரியப் போகிறது?" என்கிறாராம். "ஐயா, உண்மையைச் சொன்னால் போக முடியாது என்கிறார்கள், பொய் எழுதக் கை வரவில்லை. நான் என்ன செய்வது?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

அவருக்கு நாம் நேரில் சொல்லிய விடையையே இங்கு விரித்து எழுதத் துணிகிறோம். ஏனெனில் இது ஒருவருடைய சங்கடமன்று. நமது ஊரார் எல்லையோடு கூடி வாழ்ந்து பழகியவர்கள். 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபொழுது இந்தத் தாலுகா அதனோடு போயிற்று. நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்று, திரும்பியும் வந்தது. இன்றைக்கும் நகரிக்குப் பெண் கொடுக்கவும் அங்கிருந்து பெண் எடுக்கவும் நமக்குக் காகிதம் ஒன்றும் வேண்டுவதில்லை. இவ்வாறு எல்லையை எளிதாகக் கருதிய மனது, கடல் கடந்த நாட்டின் எல்லையில் நிற்கும் காகிதத்தின் கடுமையை உணர்வதில்லை. ஏஜண்டின் சொல் இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

வெளியேற்றப்பட்டோர் தொகை சிறிதென்று எவரும் எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியரை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கைவிலங்கும் கால் சங்கிலியும் பூட்டி அழைத்து வரப்பட்ட செய்தி கேட்டு நாடே கொதித்தது. ஆனால் வெளிநாட்டு மந்திரி மறுநாள் ராஜ்ய சபையில் வைத்த கணக்கின்படி, 2019-ல் 2,042 பேரும், 2024-ல் 1,368 பேரும் அத்தேசத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். தமிழருக்கு இன்னும் அணித்தான உதாரணம் சிங்கப்பூர். 2013 டிசம்பர் 8-ந் தேதி இரவு, லிட்டில் இந்தியாப் பகுதியில் புதுக்கோட்டை ஜில்லாத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததையொட்டிக் கலகம் மூண்டது. 25 பேர் மீது கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் வழக்கு விசாரணை ஏதுமின்றியே தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையின்றி அனுப்பப்பட்டவரும், இனி வேறெந்த நாட்டுக்கு மனுச் செய்தாலும், அதே இரு கட்டங்களின் முன் நின்றாக வேண்டும்.

இனி ஏஜண்டின் வாதத்தைப் பரிசீலிப்போம். 'எவருக்கும் தெரியாது' என்பது அவருடைய முதல் வாதம். இது ஒரு காலத்தில் ஓரளவு மெய்யாயிருந்தது. இன்று முழுப் பொய். விரல் ரேகையைக் கொண்டு மனிதனை அடையாளங் காணும் முறை நமது தேசத்திலேயே உருப்பெற்றது. 1897-ல் கல்கத்தாவில் அதற்கென ஒரு காரியாலயம் ஏற்பட்டது. அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய உத்தியோகஸ்தர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் கணிதத்திற்குப் பெரிதும் உழைத்தார்கள். பெயரை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்றலாம், பாஸ்போர்ட்டையும் மாற்றிவிடலாம். விரலை மாற்ற வழியில்லை. ஐக்கிய அரபு நாடுகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வெளியேற்றப்பட்டோர் வேறு பெயரில் மீண்டும் நுழையாதபடி, கண்ணின் கருவிழியைப் பதிந்து ஒப்பிடும் முறையைக் கைக்கொண்டன. அமெரிக்கா, கானடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸீலந்து ஆகிய ஐந்து தேசங்களும் குடியேற்ற விஷயத்தில் ரேகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன.

'எத்தனையோ பேர் தப்பித்திருக்கிறார்களே' எனலாம். தப்பியவரின் கதையையும் கேளுங்கள். இந்தியர் ஒருவர் 1991-ல் தக்க தஸ்தாவேஜு இல்லாமல் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் வந்திறங்கினார். 1992 ஜனவரியில் அவரை வெளியேற்றும்படி உத்தரவு பிறந்தது. சில வாரங்களுக்குள் அவர் வேறொரு பெயரில் அடைக்கலம் கோரி மனுச் செய்தார். அந்நாட்டுப் பிரஜை ஒருவரை மணந்தார். 2006-ல் பிரஜாவுரிமையும் பெற்றார். முந்தைய பெயரையும் உத்தரவையும் அவர் எங்கும் சொல்லவில்லை. பழைய ரேகைகள் காகித அட்டைகளில் உறங்கிக் கிடந்தமையால் எவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவை உறங்கினவேயன்றி இறக்கவில்லை. அந்தத் தேசத்து உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் தணிக்கை அதிகாரி 2016 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். வேறு பெயரில் வெளியேற்ற உத்தரவு பெற்றிருந்த குறைந்தது 858 பேர், ரேகைப் பதிவுகள் கணினியில் ஏறாத காரணத்தால் பிரஜைகளாகிவிட்டனர் என்றும், சுமார் 1,48,000 பழைய பதிவுகள் இன்னும் கணினியில் ஏற்றப்படவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. பிறகு அட்டைகள் ஒவ்வொன்றாய்ப் புரட்டப்பட்டன. 2018 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் ஒரு நீதிபதி, நாம் மேலே சொன்ன இந்தியரின் பிரஜாவுரிமையை ரத்து செய்து தீர்ப்பளித்தார். மறைத்த விஷயம் 26 ஆண்டுகள் காத்திருந்து மனைவி, வீடு, பிழைப்பு எல்லாம் அமைந்த பின்னர் கதவைத் தட்டிற்று. இத்தகைய தப்புதலையா நமது இளைஞர்களுக்கு ஏஜண்டு விற்கிறார்?

இரண்டாவது வாதம், 'உண்மையைச் சொன்னால் மனு தள்ளுபடியாகும்' என்பது. ஆகலாம், அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் சட்டம் எதற்கு எவ்வளவு தண்டனை வைத்திருக்கிறதென்று தராசில் இட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டவர் மீண்டும் நுழைவதற்குள்ள தடை, எல்லையிலேயே திருப்பப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டு. நீதிபதியின் உத்தரவால் வெளியேறியவருக்குப் பெரும்பாலும் பத்தாண்டு. கொடிய குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் நிலை வேறு. ஆனால் முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்தோ திரித்தோ வீஸா கேட்டவருக்குள்ள தடை ஆயுள் முழுவதும்; அதினின்று விலக்குப் பெறும் வழி மிகக் குறுகியது. கானடாவில் இவ்வாறு பொய் சொன்னவர் ஐந்தாண்டு வரை நுழைய முடியாது. பிரிட்டனில் மனுவில் வஞ்சகம் செய்தவருக்குப் பத்தாண்டு வரை கதவடைப்பு நேரும். ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கு மூன்றாண்டு. ஆளே வேறென்று காட்டினால் பத்தாண்டு.

ஆகவே நமது இளைஞரின் வழக்கு யாதாகிறது? வளைகுடா நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது ஒன்றே கானடாவின் கதவை அடைத்துவிடும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அதிகாரி காரணத்தைக் கேட்பார், காலத்தைக் கணிப்பார், நம்பினால் அனுமதிப்பார், நம்பாவிடில் மறுப்பார். மறுத்தாலும் அவர் மறுநாளே சரியான தஸ்தாவேஜுகளோடு மறுபடி மனுச் செய்யலாம். 'இல்லை' என்று எழுதி அகப்பட்டாலோ, ஐந்தாண்டு அந்தப் பேச்சே இல்லை. அதற்கப்புறம் எந்த நாட்டு மனுவிலும் 'பொய் சொன்னதற்காக மறுக்கப்பட்டேன்' என்ற புதிய உண்மையையும் சேர்த்து எழுத வேண்டிவரும். முதலாளியின் அநியாயத்தால் வந்த ஒரு வடுவை, தம் கையாலேயே தீராத புண்ணாக்கிக்கொள்வது புத்திசாலித்தனமாகுமா?

பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றி எழுதிக்கொண்டு போகலாம் என்று யோசனை சொல்வோரும் உளர். அவர்கள் நமது தேசத்துச் சட்டத்தையே மறந்தவர்கள். 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி, பொய்த் தகவல் தந்தோ உண்மையை மறைத்தோ பாஸ்போர்ட் பெறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; பாஸ்போர்ட்டும் பறிபோகும். அயல்நாட்டார் மட்டுந்தான் இத்தகைய கேள்விகளைக் கேட்டு நம்மை அவமதிக்கிறார்கள் என்று கோபிப்பதிலும் பயனில்லை. இந்தியாவுக்கு வர விரும்பும் அந்நியர் பூர்த்தி செய்யும் வீஸா மனுவிலும், எந்த நாட்டிலாவது கைதானதுண்டா, எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா என்று நமது சர்க்கார் கேட்கத்தான் செய்கிறார்கள். பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையைப் பிறர் நம்மிடம் எதிர்பார்ப்பது குற்றமாகாது.

எனினும், ஜனங்களைப் பொய்க்குத் துரத்துவது லாபநஷ்டக் கணக்கு மட்டுமன்று, வெட்கமும் துரத்துகிறது. 'நாடு கடத்தப்பட்டவன்' என்றவுடனே ஊரார் அவனைத் திருடனைப் போலப் பார்க்கின்றனர். வீட்டார், 'லீவில் வந்திருக்கிறான்' என்று சொல்லிப் பூசி மெழுகுகின்றனர். அந்தப் பூச்சே நாளடைவில் மனுவிலும் ஏறிவிடுகிறது. இந்த வெட்கம் நியாயமானதா? நமது சரித்திரம் வேறு விதமாகச் சொல்லுகிறது.

1910-ல் டிரான்ஸ்வால் சர்க்கார், இந்தியருக்கென்று செய்யப்பட்ட பதிவுச் சட்டத்தை எதிர்த்த சத்தியாக்கிரகிகளைப் பிடித்து, தென் ஆப்பிரிக்காவையே வீடாகக் கொண்டவர்களைக்கூடக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் தமிழரே மிகுதி. கட்டின துணியோடு வந்திறங்கியவர்களைச் சென்னையில் ஜி. ஏ. நடேசன் முன்னின்று ஆதரித்தார். அவர்களை அன்று எவரும் குற்றவாளிகளென்று எண்ணவில்லை. அவர்களில் பலர் திரும்பவும் கப்பலேறினர். அவர்கள் வேறு பெயர் பூண்டு போகவில்லை. 'எங்களை நீங்கள் கடத்தினீர்கள். இது எங்கள் இருப்பிடம். திரும்பி வந்திருக்கிறோம்' என்ற உரிமையோடு போயினர். நாராயணசாமி என்னும் தமிழ் இளைஞரைத் துறைமுகம் துறைமுகமாக இறங்கவொட்டாமல் அலைக்கழித்தார்கள். 1910 அக்டோபரில் டெலகோவா குடாவில் அவர் உயிர் நீத்தார். கடத்தப்பட்டோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதையே தமது வழக்கின் ஆதாரமாகக் கொண்டனர்.

அதே தென் ஆப்பிரிக்காவின் நெல்ஸன் மண்டேலாவைப் பாருங்கள். 27 ஆண்டு சிறையிருந்து, ஜனாதிபதியாகி, நோபல் பரிசும் பெற்ற பிறகுங்கூட, அமெரிக்காவுக்குள் நுழைய அவருக்கும் அவர் கட்சியாருக்கும் விசேஷ விலக்கு வேண்டியிருந்தது; 2008-ல் தனிச் சட்டம் செய்தே அத்தடை நீக்கப்பட்டது. இலங்கையிலோ, 1979-ம் வருஷத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனையோ தமிழர் பிடிக்கப்பட்டு, நெடுங்காலம் விசாரணையின்றி இருந்து, குற்றச்சாட்டே இல்லாமல் விடுவிக்கப்பட்டனர். கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, நாடு கடத்தல் வேறு. 'உண்டு' என்று எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று, நடந்ததைச் சொல்வது. அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டவன், அந்த அநியாயத்தை வெளியிடுவதற்குக் கிடைத்த இடத்தில் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறையுண்டு. முதலாவதாக, கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். தண்டிக்கப்பட்டதுண்டா என்று மட்டும் கேட்பது வேறு. கைதானதுண்டா என்று கேட்பது வேறு. அமெரிக்க மனுவோ, மன்னிப்புப் பெற்றிருந்தாலுங்கூடக் கைதைச் சொல்ல வேண்டும் என்கிறது. கானடா மனு, 'வேறெந்த நாட்டிலாவது வீஸா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா, வெளியேறும்படி உத்தரவிடப்பட்டதா' என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. இரண்டாவதாக, பொது மன்னிப்புக் காலத்தில் அவுட் பாஸ் வாங்கிக்கொண்டு தாமாக வந்தவரும், பிடித்து அனுப்பப்பட்டவரும் ஒன்றல்லர். தமக்கு நடந்தது எது என்று தெளிய வேண்டும். உத்தரவு கையிலிருந்தால் மொழிபெயர்ப்போடு இணைக்க வேண்டும். இல்லாவிடில் அதைப் பெற எழுத வேண்டும். மூன்றாவதாக, தேதி, இடம், காரணம், அடைத்து வைத்த நாட்கள் ஆகியவற்றைச் சுருக்கமாகவும் முன்பின் முரணின்றியும் எழுத வேண்டும். அழுகையும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம். நான்காவதாக, முன்னரே ஒரு மனுவில் 'இல்லை' என்று எழுதிவிட்டவர், அதிகாரி கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், வக்கீலைக் கலந்து, தாமே முன்வந்து திருத்துவது நலம். பிடிபட்ட பின் சொல்லும் உண்மைக்கு மதிப்பு மிகக் குறைவு.

இவையெல்லாம் மனுதாரரின் கடமை. அவர் ஒருவர் தலையிலேயே சுமையை ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. மனுவைப் பூர்த்தி செய்தவர் ஏஜண்டாயிருந்தாலும் அடியில் கையெழுத்திடுகிறவர் மனுதாரர். சட்டம் அவரையே பிடிக்கும். பொய் எழுதக் கற்றுக்கொடுத்தவர் கட்டணத்தை எண்ணி வைத்துக்கொண்டு அடுத்த ஆளை அழைப்பார். வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்போர் 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேட்காமல் தறியை அடகு வைக்கும் வழக்கத்தை நமது ஜனங்கள் நிறுத்த வேண்டும். எழுதிய மனுவின் முழுப் பிரதியைத் தராத ஏஜண்டுக்கு ஒரு காசும் கொடுக்கலாகாது.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவர் விமான நிலையத்தில் இறங்கும்பொழுது அவரை விசாரிக்க அதிகாரிகள் பலர் இருக்கின்றனர். அவருக்கு வழி சொல்ல ஒருவரைக் காணோம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வெளியேற்றப்பட்டார், எத்தனை ஆண்டுத் தடை என்பதை நமது தூதரகம் எழுத்து மூலம் பெற்று அவர் கையில் தர வேண்டும். இனி வேறு நாட்டுக்கு மனுச் செய்யும்பொழுது என்ன கேட்பார்கள், எப்படிப் பதிலளிப்பது என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெருஞ் செலவாகாது. முதலாளி கூலி தராமல் பொய்ப் புகார் கொடுத்ததால் வெளியேற்றப்பட்டவருக்கு, அவர் சொல்வதைப் பதிவு செய்து ஓர் அத்தாட்சி வழங்கும் ஏற்பாடு வேண்டும். அயலகத் தமிழர் நலனுக்கென்று ஓர் இலாகா சென்னையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் அயலகத் தமிழர் தினமும் கொண்டாடப்படுகிறது. வெற்றி பெற்றவரை மேடையேற்றிப் பாராட்டுவது நல்லதே. தோற்றுத் திரும்பியவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு வக்கீலும் அளிப்பது அதனினும் அவசரமான காரியம்.

நம்மிடம் வந்த இளைஞரோடு உட்கார்ந்து அந்த மனுவை மறுபடி எழுதினோம். 'உண்டு' என்ற கட்டத்தில் அவர் கைப்பட்டே குறியிட்டார். கீழே ஒன்பது வரிகளில் நடந்ததை எழுதினார். கூலி தராத ஐந்து மாதமும் அடைபட்ட பதினோரு நாளும் அவற்றில் இருந்தன. அனுமதி கிடைக்குமென்று நாம் அவருக்கு வாக்களிக்கவில்லை; அவ்வாறு வாக்களிக்கும் யோக்கியதை எவருக்கும் இல்லை. கிடைத்தால் நாளைக்கு எந்தக் கதவு தட்டப்பட்டாலும் அவர் அஞ்ச வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே பெயரில், அதே விரல்களோடு, அதே ஒன்பது வரிகளை எழுதலாம். பொய் எழுதியவருக்கு இவ்விரண்டும் இல்லை. இதைப் படிக்கும் நேயர்கள், தத்தம் தெருவில் 'லீவில் வந்திருக்கும்' இளைஞர் எவரேனும் இருப்பின், அவரை ஏளனம் செய்யாமல், இந்த விஷயத்தை எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.